பீங்கான் பேட்டையைக் கேடயமாக்க வேண்டாம்

சுற்றுச்சூழல், பருவநிலைச் சட்டங்கள் பற்றிப் பெரிய கம்பெனிகள் அரசிடம் என்ன கேட்கின்றன, எந்த அமைச்சரைப் பார்க்கின்றன என்பதை வெளியிட வைத்தால் விருத்தாசலத்தில் சூளை அணைந்துவிடுமாம். எங்கள் ஊர்த் தொழில்முனைவோர் வட்டாரத்தில் செல்வாக்குள்ள நண்பர் ஒருவர் இப்படிப் பேசி வருகிறார். பெயர் வேண்டாம். மரியாதைக்குரியவர், களிமண்ணும் நெருப்பும் அறிந்தவர். தவிர, இந்த வாதத்தை அவர் கண்டுபிடிக்கவும் இல்லை. தில்லியில் குளிரூட்டிய அறையில் தயாரான சரக்கு இது. அவர் செய்ததெல்லாம் அதன்மேல் கொஞ்சம் உள்ளூர் மண்ணைப் பூசியதுதான்.

அவர் சொல்வதைச் சுருக்காமல் சொல்லிவிடுகிறேன். அரசிடம் முறையிடுவது எல்லாரும் செய்வது. சூளைக்காரர் கலெக்டருக்கு மனுக் கொடுப்பதும் கம்பெனி மந்திரிக்குக் கடிதம் எழுதுவதும் ஒன்றுதான். அதை வெளியிடச் சொன்னால் தொழில் ரகசியம் வெளியே போகும். கணக்கு, படிவம், தணிக்கை என்று பாரம் கடைசியில் சிறு சூளைக்காரர் தலையில்தான் விழும். இந்தக் கோரிக்கையே வெளிநாட்டு என்.ஜி.ஓ.க்கள் கிளப்பிவிட்டது. இவ்வளவுதான் வாதம்.

சிறு சூளைக்காரரிலிருந்தே தொடங்குவோம். அவரைத்தானே முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள்.

இன்று இந்தியாவில் கம்பெனிகள் தங்கள் சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்புகளைப் பற்றி வெளியிட வேண்டிய முதன்மையான அறிக்கை, பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு வாரியமான செபி கொண்டுவந்த பி.ஆர்.எஸ்.ஆர். 2022-23 நிதியாண்டிலிருந்து அது கட்டாயம். யாருக்கு? பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டு, சந்தை மதிப்பில் முதல் 1000 இடங்களுக்குள் இருக்கும் நிறுவனங்களுக்கு. அகல் விளக்கும் கொலு பொம்மையும் பியூஸ் கேரியரும் சுட்டெடுக்கும் நம் பேட்டைப் பட்டறைகளில் எது அந்த ஆயிரத்துக்குள் வருகிறது என்று நண்பர் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெரிய கம்பெனிக்குச் சரக்குக் கொடுப்பவர்களையும் அறிக்கை தொடும் என்பார். பெரிய கம்பெனியின் மொத்தக் கொள்முதலில் 2 விழுக்காடாவது தனியொருவராகக் கொடுப்பவரைத்தான் அது கணக்கில் எடுக்கிறது. ஒரு மின்சாதனக் கம்பெனியின் கொள்முதலில் 2 விழுக்காட்டைத் தொடுகிற சூளை விருத்தாசலத்தில் இருந்தால் அதன் முதலாளிக்கு மாலை போட நானே வருகிறேன். போதாக்குறைக்கு, 'தொழில் செய்வதை எளிதாக்குவது' என்ற பெயரில் 2024 டிசம்பரில் முடிவெடுத்து 2025 மார்ச்சில் வந்த செபி சுற்றறிக்கை, சரக்குக் கொடுப்பவர்களைப் பற்றிய இந்தத் தகவலையும் விரும்பினால் தரலாம் என்று ஆக்கிவிட்டது. அந்தத் தளர்வை வாங்கிக் கொடுத்தவர்கள் சூளைக்காரர்களா?

பருவநிலைக் கொள்கை பீங்கானை நசுக்குகிறது என்கிறார். 2023இல் அறிவிக்கப்பட்ட இந்தியக் கார்பன் வர்த்தகத் திட்டத்தில் இலக்கு வைக்கத் தேர்ந்தெடுத்த துறைகள் அலுமினியம், சிமெண்ட், இரும்பு, காகிதம், பெட்ரோலியம், துணி என்று போகின்றன. பீங்கான் அதில் இல்லை. ஐரோப்பா எல்லையில் விதிக்கும் கார்பன் வரி சிமெண்ட், இரும்பு, அலுமினியம், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் என்ற ஆறோடு நிற்கிறது. அதிலும் பீங்கான் இல்லை. இல்லாத விதிக்குப் பயந்து, இருக்கிற மறைப்பைக் காப்பாற்றச் சொல்கிறார் நண்பர்.

பேட்டை நொடித்தது உண்மை. யார் இல்லை என்றார்கள்? நெய்வேலிச் சுரங்கத்தின் வெள்ளைக் களிமண்ணை நம்பி வளர்ந்த தொழில் இது. செராமிக் காலேஜ் வந்தது, சிறுபட்டறைகள் வந்தன, டாசெல் என்ற அரசு நிறுவனம் வந்தது. டாசெல் மூடிப்போனது. வீட்டு மின்பலகையிலிருந்து பீங்கான் பியூஸ் கேரியரை எம்.சி.பி. துரத்தியது. டைல்ஸ் சந்தையை குஜராத்தின் மோர்பி மொத்தமாக எடுத்துக்கொண்டது. இதில் எந்த இடத்தில் பருவநிலைச் சட்டம் வந்து சூளையில் தண்ணீர் ஊற்றியது? சட்டம் நேராகப் பாய்ந்தது மோர்பியில்தான். 2019 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அங்கே நிலக்கரி வாயுக் கலன்களைத் தடை செய்தது. ஆலைகள் இயற்கை எரிவாயுவுக்கு மாறின. எரிவாயு விலை ஏறும்போது இன்றும் திணறுகின்றன, அதை மறைப்பானேன். ஆனால் நம் ஊர்க் கடைகளில் அடுக்கியிருக்கும் டைல்ஸ் பெட்டிகளைப் புரட்டிப் பாருங்கள், பெரும்பாலும் மோர்பி முத்திரைதான்.

இனி மனு. நண்பரின் வாதத்தில் கேட்க நன்றாக இருப்பது இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

திங்கள்கிழமை கடலூர் கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர் கூட்டத்துக்குப் போகும் சூளைக்காரர் வரிசையில் நிற்கிறார். மனுவுக்கு எண் போடுகிறார்கள், ரசீது கொடுக்கிறார்கள், பத்திரிகைக்காரர்கள் படம் எடுக்கிறார்கள். அவர் என்ன கேட்டார் என்று ஊருக்கே தெரியும். ஒரு பெரிய திட்டம் வருகிறபோது நடக்கும் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் இன்னும் கடுமையானது. 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். கூட்டம் முழுவதையும் வீடியோ எடுக்க வேண்டும். பேசியவற்றைத் தொகுத்து உள்ளூர் மொழியில் அங்கேயே படித்துக் காட்ட வேண்டும். பிறகு அதை ஊராட்சி அலுவலகத்தில் பார்வைக்கு வைக்க வேண்டும். மைக்கைப் பிடித்து 'எங்க போர்ல தண்ணி வராது சார்' என்று சொன்ன விவசாயியின் பெயர், ஊர், சொல் எல்லாம் கோப்பில் ஏறித் தில்லிக்குப் போகிறது. அதே திட்டத்துக்காகக் கம்பெனித் தலைவர் அமைச்சருக்கு எழுதும் கடிதத்துக்கு முன்னறிவிப்பு கிடையாது, வீடியோ கிடையாது, யாரும் படித்துக் காட்டுவதில்லை. இரண்டும் ஒன்று என்கிறார் நண்பர். சரி, ஒன்றாகவே இருக்கட்டும். விவசாயிக்கு உள்ள விதியைக் கம்பெனிக்கும் வையுங்கள். இதைத்தானே நாங்கள் கேட்கிறோம்.

அப்படி வைக்காததால் என்ன நடக்கும் என்பதை நம் மாவட்டமே அறியும். எண்ணெய், எரிவாயு வட்டாரங்களுக்கான புதிய ஏலக் கொள்கையின் முதல் சுற்று 2018இல் முடிந்தபோது, 55 வட்டாரங்களில் 41 வேதாந்தா நிறுவனத்துக்குப் போயின. அவற்றில் இரண்டு விழுப்புரம், புதுச்சேரி, கடலூர், நாகைக் கரையைத் தொட்டவை. அங்கே 274 கிணறுகள் தோண்ட அந்த நிறுவனம் திட்டமிட்டது. அப்போதைய விதிப்படி சோதனைக் கிணறு என்றாலும் கருத்துக் கேட்புக் கூட்டம் உண்டு. 2020 ஜனவரி 16 அன்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. எண்ணெய், எரிவாயு ஆய்வுப் பணிகள் 'ஏ' பிரிவிலிருந்து 'பி2' பிரிவுக்கு இறங்கின. கருத்துக் கேட்பு தேவையில்லை என்றாகிவிட்டது. கடலூர் மாவட்டத்து மீனவரும் விவசாயியும் மைக்கைப் பிடிக்கும் உரிமையை ஒரு காகிதம் எடுத்துக்கொண்டது.

இந்த மாற்றத்தை யார் கேட்டார்கள்? அன்று யாருக்கும் தெரியாது. 2023இல் ஓ.சி.சி.ஆர்.பி. என்ற பன்னாட்டுப் புலனாய்வுப் பத்திரிகையாளர் அமைப்பு, தகவல் பெறும் உரிமைச் சட்டத்தில் வாங்கிய அரசு ஆவணங்களை வைத்துச் செய்தி வெளியிட்டது. சோதனைக் கிணறுகளுக்குக் கருத்துக் கேட்பை நீக்க வேதாந்தாவின் எண்ணெய்ப் பிரிவான கெய்ர்ன் அரசிடம் வற்புறுத்தி வந்தது என்றது அந்தச் செய்தி. அதோடு நிற்கவில்லை. கொரோனாவுக்குப் பிந்தைய பொருளாதார மீட்சிக்கு, சுரங்கங்கள் புதிய சுற்றுச்சூழல் அனுமதி இல்லாமலே உற்பத்தியை 50 விழுக்காடு வரை கூட்டிக்கொள்ள விட வேண்டும் என்று வேதாந்தா தலைவர் அனில் அகர்வால் 2021 ஜனவரியில் அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் பிரகாஷ் ஜாவடேகருக்கு எழுதியதையும் அது வெளியிட்டது. 2022இல், கருத்துக் கேட்பு இல்லாமலே 50 விழுக்காடு வரை கூட்டிக்கொள்ள வழி பிறந்தது. கேட்டபோது நிறுவனம் மறுக்கவில்லை. நாட்டின் வளர்ச்சிக்காகவும் தற்சார்புக்காகவும் அரசிடம் தொடர்ந்து முறையீடுகள் அளித்து வருகிறோம் என்ற பொருளில் பதில் சொன்னது. நாட்டின் நன்மைக்கான முறையீடு என்றால் நாட்டுக்கு ஏன் காட்டவில்லை?

எதிர்த்தரப்பும்தான் முறையிட்டது. அந்த 2020 ஜனவரியிலேயே அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி பிரதமருக்கு எழுதினார்; கடிதம் பத்திரிகைகளில் வந்தது. அடுத்த மாதம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. நம் மாவட்டத்தில் காட்டுமன்னார்கோயில், கீரப்பாளையம், குமராட்சி, மேல்புவனகிரி, பரங்கிப்பேட்டை என ஐந்து ஒன்றியங்கள் அதற்குள் வந்தன. (விருத்தாசலம் வரவில்லை.) 2023 ஏப்ரல் 4 அன்று, நிலக்கரி ஏலப் பட்டியலில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கு ஆகிய பகுதிகள் இருப்பதைக் கண்டு முதல்வர் ஸ்டாலின் பிரதமருக்கு எழுதினார். டீக்கடையில் அந்தக் கடிதத்தை வரிக்கு வரி அலசினார்கள். நான்கே நாளில் மூன்றும் பட்டியலிலிருந்து நீங்கின. இரண்டு முதல்வர்கள், இரண்டு கட்சிகள். இருவரும் பிரதமரின் மனத்தை மாற்றத்தான் எழுதினார்கள். ஊரறிய எழுதினார்கள், அதனால் அவர்களின் வாதத்தை ஏற்கவும் எதிர்க்கவும் எவருக்கும் வழி இருந்தது. கொள்கையை வளைக்க முயல்வது பாவம் என்று எங்களில் யாரும் சொல்லவில்லை.

விருத்தாசலத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. சுந்தரர் இங்கே பழமலைநாதரிடம் பெற்ற பன்னீராயிரம் பொன்னை மணிமுத்தாற்றில் போட்டு, திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்த கதை நம் ஊர்க் குழந்தைக்கும் தெரியும். நிர்வாக உலகத்தில் இன்று நடப்பதும் அதுதான், ஓரிடத்தில் போட்டால் வேறிடத்தில் கிடைக்கிறது. ஆனால் சுந்தரர் ஆற்றில் போடும் முன் பொன்னின் தரத்துக்குச் சான்றாக ஒரு துணுக்கை வெட்டிக் கையில் வைத்துக்கொண்டார். குளத்தில் எடுத்ததை அதோடு உரைத்துப் பார்த்தார். மாற்றுக் குறைந்தபோது சும்மா இருக்கவில்லை. இறைவன் கொடுத்த பொன்னுக்கே கணக்குச் சரிபார்த்தவரின் ஊரில், அகர்வால் எழுதிய கடிதத்தைச் சரிபார்க்கக் கூடாது என்கிறார்கள்.

தொழில் ரகசியம் என்ற வாதத்துக்கு அதிக இடம் தர வேண்டியதில்லை. கிளேஸ் எந்த விகிதத்தில் கலக்கிறீர்கள், எந்தச் சூட்டில் எத்தனை மணி நேரம் சுடுகிறீர்கள் என்பது ரகசியம். யாரும் கேட்கக் கூடாது, தகவல் உரிமைச் சட்டமே அதைக் காக்கிறது. 'மக்களிடம் கருத்துக் கேட்காமல் அனுமதி கொடுங்கள்' என்ற கோரிக்கையில் என்ன கிளேஸ் இருக்கிறது? அது போட்டிக் கம்பெனிக்குத் தெரிந்தால் என்ன நட்டம்? அவர்களும் அதே சலுகையைத்தான் அனுபவிக்கப் போகிறார்கள். தெரியக் கூடாத ஆள் போட்டியாளர் இல்லை, பக்கத்து நிலத்துக்காரர்.

உண்மையில் சட்டம் இந்த இடத்தில் பாதிக் கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறது. பி.ஆர்.எஸ்.ஆர். அறிக்கையின் ஏழாவது கோட்பாடு கொள்கை வகுப்பில் செல்வாக்குச் செலுத்துவதைப் பற்றியதேதான். பொறுப்போடும் வெளிப்படையாகவும் செய்ய வேண்டும் என்கிறது. அதில் கட்டாயக் கேள்வி என்ன தெரியுமா? எந்தெந்தத் தொழில் கூட்டமைப்புகளில் உறுப்பினர், முதல் பத்தின் பெயரைச் சொல். எந்தக் கொள்கைக்காக வாதாடினாய், எந்த வழியில், அது பொதுவெளியில் இருக்கிறதா, இயக்குநர் குழு எத்தனை முறை அதைப் பரிசீலித்தது என்ற உயிரான கேள்விகளெல்லாம் விரும்பினால் பதில் சொல்லலாம் என்ற பகுதியில் இருக்கின்றன. எந்தக் கிளப்பில் உறுப்பினர் என்று சொன்னால் போதும், கிளப்பில் என்ன பேசினாய் என்பது உன் இஷ்டம். கூட்டமைப்பு வழியாகப் பேசினால் பெயரே வராது, கோரிக்கை 'தொழில்துறை' என்ற முகமற்ற ஆளின் வாயிலிருந்து வரும்.

முகமற்ற ஆள் எவ்வளவு சாதிப்பார் என்பதற்கு அனல்மின் நிலையங்களைப் பாருங்கள். கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடு, பாதரசம் ஆகியவற்றுக்கு வரம்பு வைத்து 2015 டிசம்பரில் விதி வந்தது. இரண்டே ஆண்டில் நிறைவேற்ற வேண்டும் என்றார்கள். கெடு தள்ளிப் போனது, மீண்டும் தள்ளிப் போனது, 2025 ஜூலையில் நாட்டின் பெரும்பாலான நிலையங்களுக்குக் கந்தக நீக்கக் கருவியே தேவையில்லை என்று முடிந்தது. பத்தாண்டு. ஒவ்வொரு தள்ளிவைப்புக்கும் முன் எந்த நிறுவனம் எந்த அதிகாரியிடம் என்ன கணக்கைக் காட்டியது? நெய்வேலிப் புகைபோக்கிகளைப் பார்த்துக்கொண்டே வளர்ந்த மாவட்டத்துக்கு இதைக் கேட்கும் உரிமை கொஞ்சம் கூடுதலாகவே உண்டு.

கடைசியாக, வெளிநாட்டுச் சூழ்ச்சி. இதைக் கேட்டுச் சிரிப்பதா கோபப்படுவதா தெரியவில்லை. அரசியல் கட்சிகளுக்கு நன்கொடை தரும் வகையில் தன் அமைப்பு விதியைத் திருத்த டாடா இரும்பு நிறுவனம் 1957இல் பம்பாய் உயர்நீதிமன்றத்துக்குப் போனது. அனுமதித்த தலைமை நீதிபதி எம்.சி. சாக்லா, கம்பெனிப் பணம் ஜனநாயகத்துக்கு ஆபத்தாகலாம் என்று அதே தீர்ப்பில் எச்சரித்தார். 1964இல் ஊழல் தடுப்புக் குழு அறிக்கையில், கம்பெனிகள் கட்சிகளுக்குப் பணம் தருவதை முழுதாகத் தடை செய்யச் சொன்னவர் தஞ்சை மண்ணின் கே. சந்தானம். 1969இல் தடை வந்தது, 1985இல் வரம்போடும் கணக்கோடும் தளர்ந்தது. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 182ஆம் பிரிவு, மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 7.5 விழுக்காடு என்ற உச்சவரம்பையும், எந்தக் கட்சிக்கு எவ்வளவு என்று கணக்கில் காட்டும் கடமையையும் வைத்திருந்தது. 2017 நிதிச் சட்டம் இரண்டையும் பிடுங்கி எறிந்து, தேர்தல் பத்திரத்தைக் கையில் கொடுத்தது. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தத் திட்டத்தையும், உச்சவரம்பு நீக்கத்தையும் செல்லாது என்றது. வாக்காளருக்குத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு என்றது. அதன்பின் வெளியான பட்டியலில் வேதாந்தா சுமார் 400 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வாங்கியிருந்தது தெரிந்தது. கடிதத்துக்கும் பத்திரத்துக்கும் முடிச்சு இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. இருக்கிறதா இல்லையா என்று குடிமகன் பார்க்க முடியாதபடி இரண்டையும் தனித்தனிப் பெட்டியில் பூட்டி வைத்தார்கள் என்று சொல்கிறேன். ஒரு பெட்டியை நீதிமன்றம் உடைத்தது, இன்னொன்றைத் தகவல் உரிமைச் சட்டம் உடைத்தது. சாக்லா, சந்தானம், உச்ச நீதிமன்றம், தகவல் உரிமைச் சட்டம். இதில் எது வெளிநாட்டு என்.ஜி.ஓ.?

வெளிநாட்டில் நடப்பதையும் சொல்லிவிடலாம், நண்பர் பயப்பட வேண்டாம். 2012இல் வால்மார்ட் இந்தியச் சந்தைக்குள் நுழைவது உட்படப் பல விஷயங்களுக்காகப் பல ஆண்டுகளாகப் பரப்புரைச் செலவு செய்து வந்தது நமக்குத் தெரிந்தது எப்படி? அமெரிக்கச் சட்டப்படி அந்த நிறுவனம் அங்கே தாக்கல் செய்த அறிக்கையிலிருந்து. நாடாளுமன்றம் அமளிப்பட்டு, நீதிபதி முகுல் முத்கல் தலைமையில் விசாரணை வைத்தார்கள். நம் நாட்டைப் பற்றிய தகவலை அடுத்த நாட்டுப் பதிவேட்டில் படித்துத் தெரிந்துகொண்டோம். பரப்புரையை வெளியிடக் கோரும் தனிநபர் மசோதா 2013இல் மக்களவையில் வந்தது, சட்டமாகவில்லை. இன்றும் அப்படியொரு சட்டம் இந்தியாவில் இல்லை.

நண்பரே, பேட்டைக்குக் கேட்க வேண்டியவை ஏராளம். எரிவாயு வேண்டும், தரமான மண் வேண்டும், சந்தை வேண்டும். அவற்றைச் சத்தமாகக் கேளுங்கள், நானும் உடன் வந்து கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் உங்கள் நலிவைக் காட்டித் தங்கள் கடிதத்தை மறைத்துக்கொள்பவர்களுக்குப் பேட்டையின் பெயரை இரவல் தராதீர்கள். பி.ஆர்.எஸ்.ஆர். ஏழாவது கோட்பாட்டின் விருப்பக் கேள்விகளைக் கட்டாயமாக்க வேண்டும். விதியை மாற்றும் ஒவ்வொரு அறிவிக்கையோடும், அதைக் கேட்டு வந்த கடிதங்களையும் சந்திப்புக் குறிப்புகளையும் அமைச்சகம் தமிழ் உட்பட எல்லா மாநில மொழிகளிலும் வெளியிட வேண்டும். அடுத்த சங்கக் கூட்டத்தில் இந்த இரண்டையும் தீர்மானமாக வையுங்கள். இதனால் விருத்தாசலத்தில் எந்தச் சூளைக்காரருக்கும் ஒரு ரூபாய்கூடச் செலவாகாது.